‘உள்ளூர்ப் பங்காளி’ யார்? ஜங்லிகாட் துறை முதல் தில்லி வரை நீளும் கேள்வி

ஜங்லிகாட்: அந்தமான் தலைநகரின் மீன்பிடித் துறையான ஜங்லிகாட்டில் 2004 டிசம்பர் 26 காலை கடல் கரையேறியது. நகரின் தாழ்வான பகுதிகளில் புகுந்த ஆழிப்பேரலை இங்கும் தன் தடத்தைப் பதித்துவிட்டுப் போனது. நிக்கோபார் தீவுகள் கண்ட அழிவோடு ஒப்பிட்டால் இது சிறிய இழப்பே. ஆயினும் அடுத்த சில வாரங்களில், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரம் முழுவதும் ஒரு பெரிய நிவாரண முகாமின் வாசலாக மாறியது. கார் நிக்கோபார், கச்சல், நான்கௌரி, லிட்டில் அந்தமான் தீவுகளில் உயிர் தப்பியவர்களில் பலரைக் கப்பல்களும் விமானப்படை விமானங்களும் இங்குதான் கொண்டுவந்து இறக்கின. பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. அவர்களைத் தொடர்ந்து சென்னை, கொல்கத்தா வழியாகத் தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின.

வந்த நிறுவனங்கள் அனைத்துக்கும் முதலில் தேவைப்பட்டது ஒரு ‘உள்ளூர்ப் பங்காளி’. நிதி அளிப்போர் விதித்த நிபந்தனை அது. தீவுகளின் சட்டமும் அதையே வற்புறுத்தியது. 1956-ஆம் ஆண்டின் ஆதிவாசிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, நிக்கோபார் தீவுகளுக்குள் நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு இன்றி வெளியார் எவரும் கால் வைக்க இயலாது. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமும் இருப்பதால் வெளிநாட்டவருக்குத் தடை இன்னும் கடுமை. எனவே தலைநகரிலேயே அலுவலகமும், பதிவு எண்ணும், வங்கிக் கணக்கும், ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதத் தெரிந்த இரண்டொரு ஊழியர்களும் உடைய அமைப்புகளைத் தேடிப் பிடிப்பது தவிர வேறு வழி இல்லை.

தமிழில் பங்காளி என்ற சொல்லுக்கு அழுத்தமான பொருள் உண்டு. பாட்டன் சொத்தில் பங்கு கேட்க உரிமை உள்ளவனே பங்காளி. கேட்கக் கூச்சப்படமாட்டான், கொடுக்காவிட்டால் வழக்குக்கும் போவான். நிவாரணத் துறையில் வழங்கும் ‘பார்ட்னர்’ அந்த ரகம் அல்ல. அவருக்கு வேலையில் பங்கு உண்டு. பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற முடிவில் பங்கு அரிது. ஆறு மாதமோ ஓராண்டோ ஒப்பந்தம், தவணை முறையில் தொகை, முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை என்பதே நடைமுறை. கூரைத் தகட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் படகு எஞ்சினைப் பழுது பார்க்க முடியாது. அவ்வாறு செய்தால் தணிக்கையில் கேள்வி வரும். முகாமில் இருப்பவர் எஞ்சின்தான் கேட்கிறார் என்பது பங்காளிக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

அகதிகளுக்கும் இடம்பெயர்ந்தோருக்கும் உதவும் பணியில் உலகெங்கும் பேசப்படும் பிரச்னை இது. ஆனால் அந்தமானில் அதற்குத் தனி முகம் உண்டு. ஏனெனில் இத்தீவுகளின் மக்கள்தொகையில் ஒரு பகுதியே அகதிகளாலும் தாயகம் திரும்பியோராலும் ஆனது. 2004-ல் கடல் அடித்தது, முன்பே ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் பலரை.

கருவிகள் கேட்டவர்களுக்குக் கிடைத்தவை

முதலில் நிக்கோபாரிகள். இவர்களுக்கு உள்ளூர் அமைப்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கிராமத்துக்கும் கேப்டன்கள் உண்டு. அவர்களுக்கு மேல் தீவுவாரியாகப் பழங்குடியினர் மன்றம் உண்டு. கார் நிக்கோபாரில் ‘துஹெத்’ எனப்படும் பெருங்குடும்பமே தென்னந்தோப்புக்கும் பன்றிக்கும் வீட்டுக்கும் உரிமையாளர். நூற்றுக்கு மேற்பட்டோர் அடங்கிய துஹெத்களும் இருந்தன. யாருக்கு எவ்வளவு நிலம், யார் எந்தத் தோப்பில் காய் பறிக்கலாம் என்பதைத் துஹெத்தின் மூத்தவரே முடிவு செய்வார்.

சுனாமிக்குப் பின் இம்மக்கள் கேட்டது எளிமையானது: மரம் அறுக்கவும் வீடு கட்டவும் கருவிகள் கொடுங்கள், வீடுகளை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்பதே. கிடைத்தவை தகரக் கொட்டகைகள். நிலநடுக்கோட்டுக்கு அருகில், வெயிலில் கொதிக்கும் தகரத்தின் அடியில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. பின்னர் தீவுகள் முழுவதற்குமாக 9,797 நிரந்தர வீடுகள் கட்டத் திட்டமிடப்பட்டது. கட்டுமானப் பொருள்கள் பெரும்பாலும் தாய்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்தன. வடிவமைப்பு பெரும்பாலும் மேலிருந்து வந்தது. தேனீக்கூடு போன்ற வட்டக் கூரையுடன், காற்றோட்டமாகத் தூண்களின் மேல் நின்ற பழைய வீடுகள் சுற்றுலாப் புத்தகங்களில் மட்டும் மிஞ்சின.

வீடுகளைவிட ஆழமான காயத்தை ஏற்படுத்தியது இழப்பீட்டுப் பட்டியல். அரசுப் படிவத்தில் ‘குடும்பம்’ என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள். துஹெத்துக்கு அதில் இடமில்லை. வீடும் பணமும் சிறு குடும்பங்களின் பெயரில் பிரித்து வழங்கப்பட்டன. பணமே அதிகம் புழங்காத தீவில் திடீரென வங்கிக் கணக்குகளில் லட்சங்கள் சேர்ந்தன. மோட்டார் சைக்கிள்களும் கைப்பேசிகளும் மதுவும் வந்தன. தோப்பு யாருடையது என்ற தகராறு முதன்முறையாக அண்ணன்-தம்பிகளுக்கு இடையே எழுந்தது. சுனாமிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நிக்கோபார் சமுதாயத்தை ஆய்வு செய்துவந்த சிம்ரன் ஜித் சிங் உள்ளிட்ட அறிஞர்கள், பேரலை உடைக்காத சமூக அமைப்பை அதற்குப் பின் வந்த உதவி உடைத்தது என்ற பொருளில் எழுதியுள்ளனர். மிகைப்படுத்தல் என்று ஒதுக்குவது கடினம்.

இதற்கு நேர் எதிரான விநோதமும் நடந்தது. அழிந்த பயிருக்கான இழப்பீடாக 2 ரூபாய்க்கு எழுதப்பட்ட காசோலை பற்றிய செய்தி 2005-ல் வெளியாகி, நிர்வாகத்தைத் தலைகுனிய வைத்தது. ஒரு பக்கம் செலவு செய்யத் தெரியாத அளவுக்குப் பணம். மறு பக்கம் வங்கிக்குச் செல்லும் படகுக் கட்டணத்துக்கும் போதாத காசோலை. இரண்டுமே மன்றத்தைக் கலக்காமல் போட்ட கணக்கின் விளைவுகள்.

மன்றம் இல்லாதவர்கள்

நிக்கோபாரிகளுக்காவது மன்றம் இருந்தது; சட்டம் இருந்தது; ஆய்வாளர்களும் இருந்தனர். கச்சல் தீவின் தமிழர்களுக்கு என்ன இருந்தது?

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று, சம்பந்தப்பட்ட மக்களைக் கேட்காமலே, இரு தலைநகரங்கள் முடிவு செய்தன. அவ்வாறு ‘தாயகம் திரும்பியோர்’ நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்திலும், கேரளத்தில் புனலூர்ப் பகுதி ரப்பர் தோட்டங்களிலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பகுதிகளிலும் குடியமர்த்தப்பட்டனர். சுமார் 50 குடும்பங்கள் மட்டும் வங்கக் கடலைக் கடந்து கச்சலுக்கு அனுப்பப்பட்டன. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் அங்கு ரப்பர் பால் வெட்டப் பழகின.

2000-ஆம் ஆண்டின் முதல் சூரிய உதயம் இந்தியாவில் கச்சலில்தான் தெரியும் என்று உலகெங்கும் விளம்பரம் செய்யப்பட்டது நினைவிருக்கலாம். அதற்குச் சரியாக ஐந்தாண்டுகள் முடியும் தறுவாயில், மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தீவுகளில் ஒன்றாக அதே கச்சல் செய்தியில் வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கு 5,312 பேர் இருந்தனர். 2011-ல் 2,685 பேர். பாதிக்குப் பாதி. இறந்தவர்கள், காணாமற்போனவர்கள், திரும்பி வர மனமின்றி வெளியேறியவர்கள் எல்லாரும் அந்த வித்தியாசத்துக்குள் அடங்குவர்.

ரப்பர் தோட்டத் தமிழர்கள் பழங்குடியினர் அல்லர்; எனவே பழங்குடியினர் மன்றம் அவர்களுக்காகப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. நிலப் பட்டா பெற்ற குடியேறிகளும் அல்லர். அவர்கள் குடியிருந்தது தோட்டக் குடியிருப்பு. அரசு நிறுவனத்தின் தொழிலாளர்கள் என்பதே அவர்களது ஒரே அடையாளம். அவர்களுக்கு வேலை கொடுத்த அந்தமான்-நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகமோ, 2002-ல் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திய பின் நிதி நெருக்கடியில் தடுமாறத் தொடங்கியது. 2017 ஆகஸ்டில் அக்கழகத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இலங்கையில் குடியுரிமை இழந்து, இந்தியாவில் தீவுக்கு வந்து, அலையில் தப்பி, பின்பு வேலை கொடுத்த நிறுவனமும் போன கதை இது. இதில் எந்தக் கட்டத்திலும் ‘உங்கள் சார்பில் யாரிடம் பேசுவது?’ என்று அவர்களைக் கேட்ட படிவம் ஒன்று இருந்ததில்லை.

லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலும் இதன் மறுபிரதி உண்டு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகள் அங்கு குடியமர்த்தப்பட்டனர். சுனாமி ஹட் பே கடைவீதியைத் தரைமட்டமாக்கியது. தலைநகருக்கு அருகில் சிப்பிகாட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. 1949 முதல் குடியேறிய வங்காள அகதிகள் காடு திருத்தி உருவாக்கிய நெல் வயல்களில் கடல் வந்து தங்கிவிட்டது. அலை திரும்பிவிட்டது, நீர் திரும்பவில்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது நெல் வயல், கண்ணுக்குத் தெரிவது உப்பங்கழி. நிலம் அழியவில்லை, தாழ்ந்தது என்றால் அது எந்த வகை இழப்பு? நிவாரணப் படிவங்களில் இதற்குக் கட்டம் இல்லை.

ஜங்லிகாட்டுக்குத் திரும்புவோம். இத்துறையில் தெலுங்கு பேசும் மீனவர்கள் அதிகம். வட ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்தவர்களின் வழியினர். அவர்களோடு தமிழர்களும் வங்காளிகளும் கலந்து வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். ஆனால் நிர்வாகத்தின் மொழி ஆங்கிலமும் இந்தியும். 1942-க்கு முந்தைய குடிகளின் வழியினர், அரசு குடியமர்த்தியவர்கள், தாமாக வந்தவர்கள், ஆக்கிரமிப்பாளர்கள் என்று தீவு மக்களுக்குள் அடுக்குகள் உண்டு. தீவுவாசி அடையாள அட்டை வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. படகு தன் பெயரில் பதிவாகியிருந்தால் இழப்பீடு. அந்தப் படகில் கூலிக்குப் போனவருக்கு? வலை பின்னியவருக்கு? மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்ற பெண்ணுக்கு? அவர்கள் இழந்ததை எண்ணி எழுத யாருக்கு அதிகாரம் இருந்தது?

இன்னொரு கூட்டம் எந்தப் பட்டியலிலும் இல்லை. கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் தமிழகம், ஆந்திரம், ஜார்க்கண்ட் பகுதிகளிலிருந்து தீவுகளுக்கு வந்த கூலித் தொழிலாளர்கள் அவர்கள். உயிர் தப்பியவர்களில் பலர் கப்பலேறிச் சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் திரும்பினர். இறந்திருந்தால், அவர்கள் தீவில் இருந்தார்கள் என்பதற்கே சான்று கேட்கப்படும் நிலை. இறந்தோரும் காணாமற்போனோருமாக 3,513 பேர் என்பது அரசின் இறுதிக் கணக்கு. தொடக்க வாரங்களில் காணாமற்போனோர் எண்ணிக்கை மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல் சொல்லப்பட்டதையும், கணக்கில் வராத கூலிகள் பற்றித் தீவுகளில் தொடர்ந்து எழுந்த குரல்களையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

நாகப்பட்டினத்தில் நடந்தது

இதே காலத்தில் தமிழகக் கடற்கரையில் வேறொரு முயற்சி நடந்தது. நாகப்பட்டினத்தில் குவிந்த பழைய துணிகள் சாலையோரங்களில் மலைபோல் கிடந்தன. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் ஒரே கிராமத்துக்குள் நுழைந்து, அடுத்த கிராமத்தை மறந்தன. 2005 ஜனவரியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், நாகையிலேயே மீனவப் பெண்களிடையே பல்லாண்டு பணியாற்றி வந்த ‘சினேகா’ அமைப்பும் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்த நிறுவனம் எந்தக் கிராமத்தில் என்ன செய்கிறது, எங்கு யாரும் இல்லை என்ற விவரம் ஓரிடத்தில் கிடைத்தது. சுனாமிக்கு முன்பே ஊரை அறிந்தவர்கள் மேசையின் தலைமாட்டில் அமர்ந்ததே இதில் முக்கியம்.

இதையும் பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. மீனவக் கிராமங்களில் உதவி பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகவே பங்கிடப்பட்டது. பஞ்சாயத்து ஆண்களின் சபை. விதவைகளும் தனித்து வாழும் பெண்களும் பல இடங்களில் விடுபட்டனர். கடலோரத் தலித் மக்களும் இருளர்களும் முகாம்களிலேயே ஒதுக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. விசாரணை அறிக்கைகளும் வெளிவந்தன. ‘உள்ளூர்’ என்ற சொல்லுக்குள்ளேயே மேல்தெருவும் கீழ்த்தெருவும் உண்டு. டிஜிட்டல் கேமராவோடு வந்திறங்கும் வெளியூர் நிறுவனத்துக்கு அது முதல் வாரத்தில் தெரியாது. இரண்டாவது தவணை முடியும்போது தெரிந்தாலும் ஒப்பந்தம் முடிந்திருக்கும்.

உதவி பெறுவோரே உதவி செய்வோராக நின்ற உதாரணமும் தமிழகத்தில்தான் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பின் வந்த ஈழ அகதிகளுக்காக, 1984-ல் சந்திரஹாசன் முன்முயற்சியில் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நடத்துபவர்களில் பெரும்பாலோர் அகதிகளே. முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, சுகாதாரப் பணி, சேமிப்புக் குழு, பிறப்புச் சான்றிதழ் பெற்றுத் தருதல் என அதன் வேலை பத்துக்குப் பத்து அறை அளவிலான முகாம் வாழ்க்கையிலிருந்து முளைத்தது. 1990-களின் தொடக்கத்தில், ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிந்தைய சூழலில் முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழையத் தடை வந்தபோது, வெளியிலிருந்து வந்த அமைப்புகளால் எதுவும் செய்ய இயலவில்லை. முகாமுக்குள்ளேயே வசித்தவர்களை யார் தடுக்க முடியும்? அங்கு ஆசிரியரும் தொண்டரும் அகதிதான்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, அகதி முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என அழைக்கப்போவதாகவும் கூறியது. பெயர் மாறியது நல்லதே. குடியுரிமைக் கேள்வி மட்டும் தில்லியில் அப்படியே இருக்கிறது.

தில்லியின் கணக்கு

சுனாமி நிவாரணத்தை மதிப்பிட நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து அமைத்த சர்வதேசக் கூட்டமைப்பு 2006-ல் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 7,100 டாலருக்கு மேல் திரட்டப்பட்டது. அதே 2004-ல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் தலைக்கு 3 டாலர் என்று அது ஒப்பிட்டது. பணம் அளவுக்கு மீறி இருந்த இடத்தில்கூட, வெளிநாட்டு அமைப்புகள் உள்ளூர்த் திறனை ஓரங்கட்டின. உள்ளூர் அமைப்புகளின் நல்ல ஊழியர்களை அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டன என்பது அதன் முக்கியக் குற்றச்சாட்டு.

பத்தாண்டுகள் கழித்து, 2016-ல் இஸ்தான்புல்லில் கூடிய உலக மனிதாபிமான மாநாட்டில் பெரிய நாடுகளும் பெரிய நிறுவனங்களும் ஓர் உறுதி கூறின. 2020-க்குள் நிதியில் 25 சதவீதத்தை இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவது என்பதே அது. 2021-ல் நேரடியாகச் சென்றது 1.2 சதவீதம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வாக்குறுதி கொடுப்பதில் நம் தேர்தல் அறிக்கைகளுக்குச் சளைத்தவர்கள் அல்லர் போலும்.

அதே 2020 செப்டம்பரில் இந்திய நாடாளுமன்றம் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதை வேறு எந்த அமைப்புக்கும், அது முறையாகப் பதிவு பெற்றதாக இருப்பினும், மாற்றித் தரக் கூடாது என்றது புதிய விதி. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு, தில்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் மட்டுமே இருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தங்களைச் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

அரசு சொல்லும் காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு, அங்கிருந்து மூன்றாம் கைக்கு மாறும் பணத்தின் தடம் மறைவது உண்மை. ஒவ்வொரு கையிலும் நிர்வாகச் செலவு என ஒரு பகுதி ஒட்டிக்கொள்வதும் உண்மை. ஆனால் தீவுகளின் நிலையிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். ஜங்லிகாட்டில் ஒரு மீனவர் சங்கம் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அதற்கு ஆங்கிலக் கணக்கரும் தில்லி வங்கிக் கணக்கும் இருக்கப் போவதில்லை. முன்பு வெளிநாட்டு நிதி பெற்ற பெரிய நிறுவனம் ஒன்று தலைநகரிலுள்ள பதிவு பெற்ற சிறிய அமைப்பிடம் பணத்தைக் கொடுக்கும். அந்தச் சிறிய அமைப்பு மீனவர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்யும். குறைகள் நிறைந்த பாலம்தான், ஆனாலும் பாலம். இப்போது பெரிய நிறுவனமே தன் ஊழியர்களை அனுப்பி நேரடியாகச் செய்ய வேண்டும். கடல் கடந்து 1,200 கிலோமீட்டர் தள்ளியுள்ள தீவில், அலுவலகம் வைக்கவும் ஆள் வைக்கவும், 20 சதவீத வரம்புக்குள்! ஆக, நடுவில் நின்றவர்களுக்கு அதிகாரம் அதிகம் என்ற நோய்க்கு, நடுவில் நின்றவர்களை நீக்கிவிட்டு, கடைசியில் நின்றவருக்கு எதையும் மாற்றிக் கொடுக்காத மருந்தாக இது அமைந்தது. சீர்திருத்தம் என்றால், ஊர்ச் சங்கமும் கேப்டன் மன்றமும் எளிய கணக்கோடு நேரடியாக நிதி பெறும் வழி ஒன்றும் திறந்திருக்க வேண்டும். உள்நாட்டு நிதியிலேயே அதைத் தொடங்கலாம்; எந்த வெளிநாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்காது.

கையெழுத்து யாருடையது?

இவையெல்லாம் பழங்கதை என்று கருதுவோருக்கு அந்தமான் கடல் அவ்வப்போது பதில் சொல்கிறது. 2021 பிப்ரவரியில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரிலிருந்து புறப்பட்ட ரோஹிங்கியா அகதிகளின் படகு, எஞ்சின் பழுதாகி இக்கடலில் மிதந்தது. இந்தியக் கடலோரக் காவல்படை சென்றபோது படகில் 8 பேர் இறந்து கிடந்தனர்; 81 பேர் உயிரோடு இருந்தனர். உணவும் நீரும் மருத்துவ உதவியும் நடுக்கடலிலேயே வழங்கப்பட்டன. கரைக்கு அழைத்து வரப்படவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகங்கள் தில்லியிலும் சென்னையிலும் உள்ளன, தீவுகளில் இல்லை. அப்படகைப் பொறுத்தவரை உள்ளூர்ப் பங்காளி என்று ஒருவரும் இல்லை.

கிரேட் நிக்கோபாரில் நடப்பது இதைவிட நெருக்கமானது. சுனாமிக்குப் பின் மேற்குக் கரைக் கிராமங்களிலிருந்து நிக்கோபாரிகள் காம்பல் பேக்கு அருகில் ராஜீவ் நகர், நியூ சிங்கென் குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். தற்காலிக ஏற்பாடு என்றே அவர்கள் நம்பினர். பழைய கிராமங்களுக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை அவர்கள் பலமுறை எழுப்பிவிட்டனர். இதனிடையே அத்தீவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் அடங்கிய 72 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் தில்லியில் தயாரானது. அதற்குப் பழங்குடியினர் மன்றத்தின் தடையில்லாச் சான்று தேவைப்பட்டது. 2022 ஆகஸ்டில் மன்றம் கையெழுத்திட்டது.

அதே ஆண்டு நவம்பரில், சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த அதே மாதத்தில், மன்றம் தன் சான்றைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதியது. சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த நிலங்களும் திட்டத்துக்குள் வருகின்றன என்பது தங்களுக்கு முழுமையாகத் தெரிவிக்கப்படவில்லை என்பது அதன் சாரம். கடிதம் சென்றது, திட்டப் பணிகள் நிற்கவில்லை. ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் குடும்பங்கள் அதே தற்காலிகக் குடியிருப்பில் இருக்கின்றன.